ஒன்பது அங்குல வட்டம்

என் மனைவிக்குக் கால் எலும்பு முறிந்து, தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டோடு வீட்டுக்குக் கூட்டி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் வீட்டுக் கழிப்பறை குந்தி உட்காரும் வகை. அது அவளால் முடியாது. நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி மறுநாள்தான் வரும் என்று மருந்துக் கடையில் சொல்லிவிட்டார்கள். படுக்கையிலேயே தட்டு வைக்கலாம் என்றேன்.

"ஆஸ்பத்திரியில நர்ஸு வச்சதே போதும். கதவச் சாத்திக்கிட்டு நான் தனியாப் போவணுங்க" என்றாள்.

மதியம் வரை அடக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீரையும் தொடவில்லை. அவள் உதடு காய்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு எரிச்சலும் பயமுமாக இருந்தது.

நானே செய்கிறேன் என்று கிளம்பினேன். செராமிக் யூனிட்டில் பீங்கான் பொம்மைகளுக்கு அச்சு செய்கிறவன் நான். ஒரு பலகையில் ஓட்டை போடத் தெரியாதா என்ற மிதப்பு. இருக்கை பிய்ந்துபோன மர நாற்காலி ஒன்று இருந்தது. பரணில் ஒரே ஒரு பிளைவுட் துண்டு. அதில் வட்டமாக வெட்டி நாற்காலியின் மேல் அடித்து, பிளாஸ்டிக் பேசினை உள்ளே இறக்கினால் அதன் விளிம்பு பலகையில் தங்கி நிற்கும். பேசின் ஒன்பது அங்குலம், விளிம்போடு பத்து.

ஆணியில் நூல் கட்டி, பென்சிலால் வட்டம் போட்டேன். எதிர் வீட்டில் வாங்கிவந்த டிரில்லிங் மெஷினால் கோட்டுக்கு உள்ளே துளையிட்டு, ஒல்லியான ரம்பத்தை நுழைத்தேன். வளைவில் ரம்பம் திரும்ப மறுத்தது. அழுத்தினால் பிளைவுட்டின் மேல்தோல் உரிந்தது. ஒரு சிலாம்பு நின்றாலும் குத்தப்போவது அவளை. விரலால் தடவித் தடவி அறுத்தேன்.

"இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?" அறையிலிருந்து குரல் வந்தது.

"ஆச்சு, ஆச்சு."

கால்வாசி வட்டம்கூட ஆகவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. ஒருவழியாக வட்டத் துண்டு கீழே விழ, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பலகையை அடித்து, பேசினை இறக்கினேன். அது நிற்காமல் தரையில் போய் விழுந்து உருண்டது.

"என்னா அது?"

"ஒண்ணும் இல்ல, சும்மா கெட" என்று கத்திவிட்டேன். கத்தியது அவள்மேல், கோபம் என் கைமேல். களிமண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும். அதனால் எந்த அளவையும் எட்டில் ஒரு பங்கு கூட்டித்தான் அச்சுக்குப் போடுவோம். இருபது வருடப் பழக்கத்தில் கை தானாகக் கூட்டிக்கொள்ளும். பிளைவுட்டுக்கும் கூட்டி, ஒன்பதைப் பத்துக்கு மேல் ஆக்கிவிட்டது.

போய்ச் சொன்னேன். அவளும் அதே யூனிட்டில் பொம்மைகளுக்குக் கண் எழுதியவள்.

"சூளையில வச்சி எடுங்க, சரியாப் பூடும்" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்று முகம் கோணியது.

"அடியில சட்டம் அடிச்சிடறேன். ஒரு மணி நேரம்."

"அவ்ளோ நேரம் தாங்காதுங்க."

நாற்காலியைக் குளியலறையில் போட்டு, அடியில் வாளியை வைத்து, அவளைத் தூக்கி உட்காரவைத்தேன். மெலிந்த உடம்பு. கட்டுப் போட்ட காலை நீட்டியே வைக்க வேண்டியிருந்ததால் பிடிமானம் இல்லாமல் அந்தப் பெரிய ஓட்டைக்குள் சரிந்தாள். இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தாங்கினேன். விட்டால் விழுந்துவிடுவாள். கதவைச் சாத்தியிருந்தேன், ஆனால் நானும் உள்ளேதான் இருந்தேன்.

"அந்தப் பக்கம் திரும்பிக்கிங்க."

பிடியை விடாமல் முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. காலையிலிருந்து அடக்கியவளுக்கு இப்போது வரவில்லை. இவளை இந்த நிலைமையில் உட்காரவைத்தது நான்தான் என்று நினைக்க அழுகை வந்தது.

"எதாச்சும் பேசுங்க. நீங்க சும்மா நின்னா காது கொடுத்துக் கேக்கற மாதிரி இருக்குது."

பேசினேன். ஜங்ஷனில் ரயிலைத் தவறவிட்டது, கருவேப்பிலங்குறிச்சியில் என் தங்கை வீட்டு மாடு கன்று போட்டது, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். கன்று எழுந்து நின்ற இடத்துக்கு வந்தபோது அவள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். வாளியில் சத்தம் கேட்டது. நான் இன்னும் உரக்கப் பேசினேன்.

மறுநாள் கடை நாற்காலி வந்தது. அளவு கச்சிதம். அவளை உட்காரவைத்து, சொல்வதற்கு முன்பே வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டேன்.

"அங்கதான இருக்கீங்க?"

"ஆமா."

"அப்பப் பேசுங்க" என்றாள்.