நிழலில் எடுத்த அளவு

பக்கத்து அறையிலிருந்து அவளுடைய குரலே அவளுக்குக் கேட்டது. "ஐம்பத்திரண்டு டிகிரின்னு பரப்புறது பொய்ங்க." அவ்வளவுதான். மறுபடியும் முதலிலிருந்து அதே வரி.

"போதும், நிறுத்துங்க," என்றாள். கணவர் வீடியோவை நிறுத்திக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

வானிலை நிலையத்தில் வெப்பமானி பார்த்து எழுதுவது அவள் வேலை. இருபத்தொரு வருடம் ஆகிறது. தெருவில் அவளுக்கு 'டிகிரி அக்கா' என்றே பெயர். வெயில் படாத மரப்பெட்டிக்குள் உள்ள அளவைத்தான் அவள் எழுத வேண்டும். போன வாரம் யாரோ வெயிலில் கொதிக்கும் மொட்டைமாடித் தரையில் வெப்பமானியை வைத்து, ஐம்பத்திரண்டு என்று படம் போட்டுவிட, ஊரே அதைப் பகிர்ந்தது. விளக்கம் கேட்டு வந்தவன் சொந்தக் கொழுந்தன், சேனல் நடத்துகிறான். "நிழல்லயே நாப்பத்து மூணரை. நான் வேலைக்கு வந்ததுலேருந்து இப்படி ஒரு சூடு வந்ததே இல்லை" என்று அவள் அடுத்துச் சொன்னதை வெட்டிவிட்டு, முதல் வரியை மட்டும் போட்டான்.

பார்த்தவர்களில் பாதிப் பேர் அவளைப் பொய்க்காரி என்றார்கள். மீதிப் பேர், பூமி சூடாவதே கட்டுக்கதை, இந்த அம்மாவே சொல்லிவிட்டார் என்று கொண்டாடினார்கள். இரண்டாவதுதான் அவள் நெஞ்சை அறுத்தது.

மதியம் கொழுந்தன் வந்தான்.

"அண்ணி, ரெண்டு லட்சம் பேரு! நீங்க இப்ப ஸ்டாரு!"

"டேய், உன் ஸ்டாரு மூணு நாளா சரியா சாப்பிடல," என்றார் கணவர்.

"அந்த ரெண்டு லட்சம் பேருக்கும் நான் சொன்ன மிச்சத்தையும் காட்டுப்பா," என்றாள் அவள்.

"காட்டுறேன். ஆனா சும்மா பேசினா எவன் பாப்பான்? மாடிக்கு வாங்க. 'ஐம்பத்திரண்டு நிஜம்தான், மறைக்கச் சொன்னாங்க'ன்னு ஆரம்பிங்க. அப்புறம் உங்க நாப்பத்து மூணரையைச் சொல்லிக்கோங்க."

அவளுடைய பதிவேட்டைப் புரட்டுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இங்கே இரண்டு லட்சம் பேர். ஒரே ஒரு பொய். அவள் எழுந்துகூட நின்றுவிட்டாள்.

பிறகு உட்கார்ந்தாள்.

"பொய் சொன்ன வாயாலயே நாப்பத்து மூணரைன்னா, அதை யாரு நம்புவா? வேண்டாம்பா."

"அப்ப பழைய வீடியோ அப்படியேதான் இருக்கும்."

"இருக்கட்டும்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். வெளியே அனல் அடித்தது. அவளே எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.