மூப்பர் போட்ட ஆமென்

எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் தினமும் வந்து விழும் கும்பிடுகிற கைகளையெல்லாம் பிடித்து ஒருநாள் ஏரில் பூட்ட வேண்டும். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நான் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். நைனார்பாளையம் பக்கத்து மரவள்ளியும் மூட்டையும்தான் பிழைப்பு. நாளுக்கு ஓர் அதிகாரமாக வேதாகமத்தை வாசித்து முடிப்பதென்று புது வருஷத்தில் சபை தீர்மானித்தது. இந்தக் கணக்கில் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் வருவதற்குள் கர்த்தரே வந்துவிடுவார் என்றேன். வாய்க்கொழுப்புக்குத் தண்டனையாக, தினமும் காலையில் வாசித்த பகுதியைப் பற்றி நாலு வார்த்தை பேசிக் குழுவுக்கு அனுப்பும் வேலையை என் தலையில் கட்டினார்கள். ஞானத்துக்காக அல்ல, லாரி ஆரன் மாதிரி குரல் இருப்பதால். ஆசரிப்புக் கூடாரத்தின் முழக்கணக்கை நான் விளக்கிய வாரத்தில் என் மனைவியே கேட்பதை நிறுத்திவிட்டாள்.

சித்திரையில் லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரம் வந்தது. வயலை ஓரம்வரை வழித்து அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அது எளியவர்களுக்கு என்கிற பகுதி. "நம்மூரு மல்லாட்டைக் கொல்லைக்கும் இதே சட்டந்தாங்க" என்று சேர்த்துச் சொன்னேன். எனக்கே என் பேச்சு பிடித்துப்போனது. முதல் ஆமென் சபை மூப்பருடையது. பின்னாலேயே கைகள்.

அன்று மதியம் அதே மூப்பரின் கொல்லையில்தான் எனக்கு லோடு. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையைப் பிடுங்கிக் காயவைத்து மூட்டை கட்டியிருந்தார்கள். அவருடைய ஆட்கள் பாதி ஏற்றியிருப்பார்கள், மறுகோடியில் சத்தம் கேட்டது. ஓடினேன். எங்கள் சபையில் கடைசிப் பாயில் உட்காரும் அக்கா நின்றிருந்தார். கூலிக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்ப்பவர். எழுத்து தெரியாது, பக்கத்து வீட்டுப் போனில் என் குரலைத்தான் கேட்பார். பிடுங்கும்போது அறுந்து மண்ணுக்குள் தங்கிய கடலையைக் குச்சியால் கிளறி மடியில் சேர்த்திருந்தார்.

"யாரக் கேட்டு எறங்குன? கொட்டுடி கீழ!" மூப்பர்.

"காலைல சொன்னாங்களே ஐயா. நீங்களும் ஆமென் போட்டீங்கன்னு பக்கத்து வூட்டுப் பொண்ணு சொல்லிச்சு. உத்தரவு குடுத்துட்டீங்கன்னுதான் வந்தேன்."

ஆமென் என்றால் சம்மதம் என்று அக்கா நம்பியிருக்கிறார். சபையிலேயே அவர் ஒருவர்தான்.

"அதெல்லாம் மோசே காலத்துக்கு. நாளைக்கு ஏர் ஓட்டி நானே ஆளு வுட்டுப் பொறுக்கிக்குவேன். கொட்டு!"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு மடியை அவிழ்த்து உதறினார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு தீர்க்கதரிசி போல முழங்கியிருக்க வேண்டிய இடம். என் லாரி ஆரன் குரல் அன்று பார்த்து சைக்கிள் பெல்லாகிவிட்டது.

"லோடு ஏத்தலீங்க."

"இன்னாடா?"

"அத அள்ளி அக்கா மடியில போடுங்க. அப்பறம் ஏத்திக்கினு போறேன்."

ஏற்றிய மூட்டைகளை இறக்க ஆரம்பித்தேன். கோபத்தில் ஒன்றை யோசிக்கவில்லை: ஏற்ற ஆட்கள் இருந்தார்கள், இறக்க நான் ஒருவன். இடுப்பு பிடித்துக்கொண்டது. வேதத்தில் மோசேக்குக் கையைத் தாங்கிப் பிடிக்க இரண்டு பேர் இருந்தார்கள், என் இடுப்பைப் பிடிக்க நாதியில்லை. ஆட்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

அதற்குள் கல்வராயன் மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. கோடை மழை. நனைந்தால் கடலை பூசணம் பூத்துவிடும். மூப்பர் வேறு வண்டிகளுக்குப் போன் போட்டுப் பார்த்தார். எல்லாம் மரவள்ளி ஏற்றப் போயிருந்தன.

"சரி, பொறுக்கிக்கினு போவட்டும். ஏத்துடா மொதல்ல!"

மோசேக்கு மசியாத மனுஷன் மேகத்துக்கு மசிந்தார். திரும்பிப் பார்த்தால் அக்கா இல்லை. போய்விட்டிருந்தார். கொட்டிய கடலை மட்டும் மண்ணோடு கிடந்தது. துண்டில் அள்ளிக்கொண்டேன். மூட்டைகளை ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மழையோடு அக்கா வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் இருக்கிறார்களே, வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் இருபதாம் அதிகாரம். நான் அதற்குப் போகவில்லை. பத்தொன்பதையே மறுபடி பேசி அனுப்பினேன், இந்தமுறை ஆரன் சத்தத்திலேயே. மூப்பரின் ஆமென் வரவில்லை. அவர் போடாததால் மற்ற கைகளும் வரவில்லை.

வெகுநேரம் கழித்து, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது.

"தம்பி, இன்னிக்கு யாரு கொல்லைல எறங்கட்டும்? கேட்டுட்டுச் சொல்லு."

குழுவில் எல்லாரும் அதைக் கேட்டார்கள்.