கிணற்று மீன் மேல் போட்ட பழி

எங்கள் தெருப் பொதுக்கிணற்றில் மீனை விட்டவர்களும் சுகாதார ஆட்கள்தான், கொன்றவர்களும் அவர்கள்தான். இரண்டு வருஷம் ஆகியும் எனக்கு ஆறவில்லை.

கொசுவால் வருகிற யானைக்கால் எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொசுப் புழுக்களைத் தின்பதற்கென்றே அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மீன் ஜாதி உண்டு; சுண்டுவிரலில் பாதிதான் இருக்கும். சுகாதார ஆட்கள் அதைத் தகர டின்னில் கொண்டுவந்து கிணற்றில் கவிழ்த்தபோது, பி.யு.சி.யில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த எனக்குத் தேர் பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் தெருவில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை அவர்கள். எங்களுடையது நெசவுத் தெரு, முக்கால்வாசி சைவ வீடுகள். குடிக்கிற கிணற்றில் சொல்லாமல் கொள்ளாமல் மீன் விட்டால் என்ன ஆகும்?

மறுநாளே அம்மா குடத்தின் வாயில் வேட்டித் துணியை மடித்துக் கட்டினாள்.

"சாமிக்கு எப்பிடிடா இந்தத் தண்ணிய வெக்கிறது?"

"அது கொசுப் புழுவத்தாம்மா துன்னும்."

"துன்னுட்டு இதுலயேதான இருக்குது?"

இந்த மீன் முட்டையிடாது, குட்டி போடும். அதை உற்சாகத்தில் நான்தான் நாலு பேரிடம் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அது, "தண்ணியோட வயித்துல போனா அங்கியும் குட்டி போடுமாம்பா" என்று ஆகிவிட்டது. ஒரு குழந்தைக்கு வயிற்றுவலி என்றதும் தெருவே திரண்டு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டது.

சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். நின்று ஐந்து நிமிஷம் விளக்கியிருக்கலாம். தெருவுக்குப் பிடிக்கவில்லை என்றால் வலை போட்டு மீனை அள்ளச் சொல்லியிருக்கலாம். அவர் செய்தது, ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரைக் கொட்டச் சொன்னது. மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அதற்கு முன்பே நாலைந்தைப் பிடித்து நான் ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு வைத்திருந்தேன்.

எதிர்வீட்டு மாமா கூலிக்குப் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அவர் இன்ஸ்பெக்டரிடமே கேட்டார்.

"சார், இதுல நூல் அலசலாமா?"

"குடிக்கவே குடிக்கலாம்யா. அலசறதுக்கு இன்னா?"

அவர் நம்பினார். அடுத்த நாள் அரக்குச் சாயம் போட்ட நூலை அந்தத் தண்ணீரில் அலசினார். கொடியில் போட்டபோது நூல் திட்டுத் திட்டாக வெளுத்து, அழுக்கு மஞ்சளாகத் தொங்கியது. நூல் கொடுத்த முதலாளி வந்து பார்த்தார்.

"கை போயிடுச்சா உனுக்கு? சொல்லிடு, வேற ஆளப் பாத்துக்கறேன்."

சாயக்காரரைப் பார்த்துக் கை போய்விட்டது என்று ஒரு முதலாளி சொன்னால், ஊரில் மற்ற முதலாளிகளும் நூல் தர மாட்டார்கள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மாமாவிடம் நல்ல அரக்கு நூலில் இரண்டு துண்டு வாங்கினேன். ஒன்றை மீன் பாட்டிலில் போட்டேன். இன்னொன்றை ஒரு டம்ளர் கிணற்றுப் பவுடர் தண்ணீரில் போட்டேன். மீன் பாட்டிலில் இருந்தது போட்டபடியே சிவந்திருந்தது. டம்ளரில் இருந்தது வெளுத்துவிட்டது. மாமாவும் குனிந்து பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தபோது முதலாளியும் இருந்தார். வெளுத்த நூலைக் கையில் வாங்கி, துளி யோசனையில்லாமல் இன்ஸ்பெக்டர் சொன்னார்: "மீனோட கழிவுய்யா இது. நல்ல வேளை, கொன்னுட்டோம்."

தெரு தலையாட்டியது. அந்த மீனை விட்டது யார் என்று கேட்க ஒரு வாய் இல்லை. நான் பாட்டிலை நீட்டினேன்.

"சார், மீனோட கெடந்த நூல் சார் இது. சாயம் போவவே இல்ல."

"எந்தக் காலேஜு தம்பி?"

சொன்னேன்.

"அங்க மீன் வளக்கதான் சொல்லித் தராங்களா?"

சிரித்தார்கள். முதலாளி மாமாவின் பக்கம் திரும்பி, "மீனுன்னா அது வேற விஷயம்பா. நான் உன் கையச் சொல்லிட்டேன்" என்றார்.

மாமா என்னைத் தோளைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"பாட்டில உள்ள வெய்யி."

"நீங்களே பாத்தீங்களே மாமா, பவுடர்தான்னு."

"பாத்தேன். அதச் சொன்னா ஆபீசர் மேல பிராது சொன்னவன் ஆயிடுவேன். அப்பறம் எவன் நூல் குடுப்பான்? மீனுன்னு ஆயிட்டா என் கை சுத்தம். சாயந்தரமே நூல் அனுப்பறேன்னு சொல்லிட்டாரு."

"அப்ப மீன் பண்ணாதத மீன் மேல போடறதா?"

"மீனுக்கு இன்னாபா, வேலையா போவப் போவுது?"

பாட்டிலை உள்ளே வைத்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு மனுஷன் கண்ணால் கண்டதை விழுங்கினால்தான் பிழைக்கலாம் என்று ஆக்கி வைத்தவர்கள் மேல்தான்.

கொசு திரும்ப வந்துவிட்டது. மீனால் கெட்ட தண்ணீரைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி, மாதம் தவறாமல் பவுடர் கொட்டுகிறார்கள். அன்றைக்கெல்லாம் மாமா நூல் அலசத் தண்ணீருக்காகச் சைக்கிளில் இரண்டு பக்கமும் குடம் கட்டிக்கொண்டு அடுத்த தெருக் கிணற்றுக்குப் போகிறார். அங்கே யாராவது ஏன் என்று கேட்டால், "எங்க கெணத்துல மீன் இருந்துதுல்ல" என்கிறார்.