கழுகக்காவின் வலது கண்

ஆலையில் அவளுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. பெரியவர்கள் கழுகு என்பார்கள், சின்னவர்கள் கழுகக்கா என்பார்கள். தறியிலிருந்து இறங்கும் துணி வெளியே போகுமுன் கடைசியாக அவள் கண்ணில் பட்டாக வேண்டும். சாய்வான கண்ணாடி மேசை, அதற்கடியில் வரிசையாக டியூப்லைட்டுகள். அதன்மேல் துணி மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு ஓடும். அறுந்த இழையோ, முடிச்சோ, எண்ணெய்க் கறையோ வந்தால் காலடியில் இருக்கும் பெடலை மிதித்து மெஷினை நிறுத்துவாள். துணியின் கரையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு மறுபடி ஓட விடுவாள். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவளுக்குக் கழுகு என்று பெயர் வந்தது வேடிக்கைதான். ஆனால் அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவள் பார்த்தால் ஒரு தூசு தப்பாது.

அன்று காலை சட்டைக்கான வெள்ளைத் துணி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் கறுப்பாக ஒரு நூல் தெரிந்தது. பெடலை மிதித்தாள். குனிந்து விரலால் தடவினாள். ஒன்றும் இல்லை. ஓட விட்டாள். மறுபடி அதே நூல், இந்த முறை கொஞ்சம் இடது பக்கமாக. மறுபடி நிறுத்தினாள்.

துணிச் சுருளைத் தூக்கி மாட்டுகிறவள் மெஷினின் மறுபக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒல்லியாக இருப்பதால் அவளுக்குக் குண்டூசி என்று பெயர்.

“என்னக்கா, டவுன் பஸ் மாதிரி நின்னு நின்னு போகுது?”

“கண்ணாடியில அழுக்கு போல.”

கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். மேசையைத் துடைத்தாள். குழாயடிக்குப் போய்க் கண்ணில் தண்ணீர் அடித்துக் கழுவினாள். திரும்பி வந்து ஓடாத வெள்ளைத் துணியைப் பார்த்தபோது, அந்த நூல் அங்கேயே காத்திருந்தது. பக்கத்தில் கொசு மாதிரி ஒரு புள்ளி வேறு. கண்ணை வலது பக்கம் திருப்பினால் அவையும் ஓடின. கண் நின்ற பிறகும் அவை உடனே நிற்கவில்லை, தண்ணீரில் தூசு மிதப்பது போல மெதுவாக அசைந்து கீழே இறங்கின.

துணியில் இல்லை, தன் கண்ணுக்குள்தான் இருக்கிறது என்று புரிந்ததும் அவளுக்கு அப்பாவின் நினைவு வந்தது. அவளுடைய அப்பாவும் சோடாபுட்டிதான். ஒரு கண்ணில் ஓரமாகத் திரை விழுந்த மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் சொன்னார். கண்புரையாக இருக்கும், ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே முடிவும் கட்டிவிட்டார். ஆற அமர ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. துணி பார்க்கிறவளுக்குக் கண் கெட்டுவிட்டது என்று வெளியே தெரிந்தால், தன்னை அந்த மேசையில் யார் உட்காரவைப்பார்கள்? மருந்துக் கடையில் கண் உறுத்துகிறது என்று பொய் சொல்லிச் சொட்டு மருந்து வாங்கினாள். போட்டதும் கண் குளுகுளுவென்று இருந்தது. நூலும் கொசுவும் குளிர்ச்சியாக மிதந்தன. பக்கத்து வீட்டுக்காரி கேரட் தின்னச் சொன்னாள். அதையும் தின்று பார்த்தாள்.

வேலையில்தான் பெரிய தலைவலி. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாலும் எது துணியின் நூல், எது தன் கண்ணின் நூல் என்று பிரிக்க முடியவில்லை. முதலில் எல்லாவற்றுக்கும் நிறுத்தினாள். சுருள்கள் தேங்கின. பிறகு, கறுப்பாகத் தெரிவதெல்லாம் கண்ணுக்குள் இருப்பதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஓட விட்டாள். அப்படி ஓட விட்டதில், இழை அறுந்து நெடுகக் கோடு விழுந்த சுருள் ஒன்று நல்ல துணியாகவே வெளியே போய், வாங்கியவர்களிடமிருந்து திரும்பி வந்தது.

சூப்பர்வைசர் அந்தச் சுருளை அவள் மேசைமேல் விரித்தார். பேசுமுன் தொண்டையைச் செருமுவது அவர் வழக்கம். இந்த முறை இரண்டு தடவை செருமினார்.

“இது எப்படிங்க உங்க கண்ணுக்குத் தப்பிச்சுது? குருடன் கூடக் கையால தடவிக் கண்டுபிடிச்சிருவானே!”

குருடன் என்ற சொல் அவள் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் விழுந்தது. “அசந்துட்டேன் சார்” என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் அவளைக் காட்டிக்கொடுத்தது கொசு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முகத்துக்கு முன்னால் படாரென்று கையைத் தட்டினாள். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருந்த அவள் கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்னம்மா, எனக்குக் கைத்தட்டா?”

“கொசுங்க.”

“எங்க?”

அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். கொசு கையில் இல்லை, உள்ளங்கைக்கு மேலே மிதந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான், அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துவிட்டது. தட்டில் கையை வைத்தபடியே விக்கி விக்கி அழுதாள். அப்பா கதை, சுருள் கதை எல்லாம் சேர்ந்து வந்தது. அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, “நாளைக்கு நானும் லீவு, நீயும் லீவு” என்றார்.

கண் ஆஸ்பத்திரியில் கண்ணின் பாப்பா விரிய மருந்து விட்டு வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். எல்லோரும் கண்ணை மூடித் தலையைச் சாய்த்திருந்ததில், அந்த இடமே பஸ் வராத பஸ் நிலையம் மாதிரி இருந்தது. நேரம் ஆக ஆக எதிரே இருந்த சுவரும் ஆட்களும் கரைந்து போனார்கள். கண் போனால் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தாள். கணவர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மேலே பாருங்க, கீழே பாருங்க, மூக்கைப் பாருங்க என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பயப்படாதீங்கம்மா. இப்போதைக்கு விழித்திரை நல்லாத்தான் இருக்கு.”

“அப்போ இந்தக் கொசு, நூலெல்லாம் என்ன டாக்டர்?”

“கண்ணு உள்ள காலி இல்ல. முட்டையோட வெள்ளைக்கரு மாதிரி ஒரு ஜெல்லி ரொம்பியிருக்கும். வயசாக ஆக அது இளகும், சுருங்கும், அங்கங்க திரிதிரியாத் திரளும். வெளிச்சம் வரும்போது அந்தத் திரியோட நிழல் விழித்திரையில விழுது. நீங்க பாக்கறது அந்த நிழலைத்தான். பவர் அதிகமா கண்ணாடி போடுறவங்களுக்குச் சீக்கிரமே வந்துரும். நீங்க நாள் பூரா பாக்கறது வெள்ளைத் துணி, அதுவும் அடியில லைட்டு. அதான் பளிச்சுன்னு தெரியுது.”

“கரைய மருந்து?”

“கிடையாது. சொட்டு மருந்துக்கும் கேரட்டுக்கும் இது அசையாது.” கணவர் தொண்டைக்குள் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. “ஆனா ஒண்ணு. அந்த ஜெல்லி சுருங்கும்போது விழித்திரையைப் பிடிச்சு இழுக்கும். சில பேருக்கு அதுல கிழிசல் விழலாம். கண்ணு ஓரத்துல மின்னல் வெட்டினாலோ, திடீர்னு கொத்தாப் புள்ளிங்க கொட்டினாலோ, ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி இருந்தாலோ, அன்னைக்கே வாங்க. உங்கப்பாவுக்கு நடந்திருக்கு, உங்களுக்கும் பவர் அதிகம். நாளைக்குப் பாக்கலாம்னு மட்டும் இருந்துராதீங்க.”

ஆறுதல் தேடிப் போனவள் புதுப் பயத்தோடு திரும்பி வந்தாள். அன்றிலிருந்து மின்னலுக்குக் காவல் இருப்பதே வேலையாகிவிட்டது. டியூப்லைட் சிமிட்டினால் பகீர் என்றது. எதிரே வந்த வண்டியின் கண்ணாடியில் வெயில் பட்டுத் தெறித்தால் நடுத்தெருவில் நின்றுவிடுவாள். உறவுக்காரர் கல்யாணத்தில் போட்டோக்காரர் பளிச்சென்று அடித்தபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்து, “அது கேமராம்மா, உன் கண்ணு இல்ல” என்று கணவர் காதோரம் சொல்ல வேண்டியிருந்தது. எதற்கோ பயந்து ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடவும் செய்தாள். பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். வெளியே வரும்போது அவமானமாக இருந்தது. இனி இப்படி ஓடக்கூடாது என்று முடிவு செய்தாள்.

அந்த முடிவுதான் கிட்டத்தட்ட அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

மழை மூட்டமாக இருந்த ஒரு மதியம். சுருள் அடுக்கும் இருட்டறையில் எண் பார்த்து எடுப்பதற்காகக் குனிந்தாள். வலது கண்ணின் ஓரத்தில், வில்லாக வளைந்து, வெள்ளையாக ஒரு வெட்டு வெட்டியது. வெளியே மின்னுகிறது என்று நினைத்தாள். அறைக்கு ஜன்னலே இல்லை என்பது அடுத்த நொடிதான் உறைத்தது. தலையைத் திருப்பினாள். மறுபடி வெட்டியது. மேசைக்கு வந்து வெள்ளைத் துணியைப் பார்த்தாள். அடுப்புக் கரியை நுணுக்கித் தூவியதுபோல் புள்ளிகள் பொலபொலவென்று இறங்கிக்கொண்டிருந்தன.

ஒரு மனசு, போன தடவையும் இப்படித்தான் ஓடினாய், போய் அசிங்கப்படாதே, ஷிஃப்ட் முடியட்டும் என்றது. அப்பாவும் தனக்குத்தானே இப்படித்தான் ஏதோ சொல்லியிருப்பார். அவள் மேசையை விட்டு நகர்ந்தாள்.

“குண்டூசி, சாரைக் கூப்பிடு. ஓடு.”

சூப்பர்வைசர் வந்தார். செருமுவதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“சார், எனக்குக் கண்ணுல கோளாறு. அந்தச் சுருள் அதனாலதான் தப்பிச்சுது, மறைச்சுட்டேன். வேலையை விட்டு எடுக்கறதுன்னா அப்புறம் எடுங்க. இப்ப நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பைக் சாவியை எடுத்தார். “ஏறுங்க, பேசறதெல்லாம் அப்புறம்.” வழியெல்லாம் மேடு பள்ளம் வரும்போது, “மெதுவா சார், மெதுவா” என்று அவள் கத்தினாள், ஒவ்வொரு குலுக்கலிலும் உள்ளே ஏதோ கழன்று விழப்போகிறது என்று தோன்றியது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டால் மூடிய இமைக்குள்ளும் அது வெட்டியது.

டாக்டரம்மா இந்த முறை அதிக நேரம் பார்த்தார். “கிழிசல் விழுந்திருக்கு” என்றார். அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. டாக்டர் அவள் தோளைத் தொட்டார். “கேளுங்கம்மா. சின்னதுதான். சுவத்துல ஒட்டின காகிதம் ஒரு இடத்துல கிழிஞ்சிருக்கு, இன்னும் உரிஞ்சு வரலை. உள்ள தண்ணி இறங்கினா மொத்தமா உரிஞ்சு வந்துரும், அப்போ ஆபரேஷன்தான். அதுக்கு முன்னாடி சுத்திலும் லேசர் வெச்சு ஒட்டிரலாம். இப்பவே.”

கணவர் வேலை உடையோடு, கையெல்லாம் கிரீஸாக வந்து சேர்ந்தார். லேசர் என்றால் என்ன என்று கேட்டு, “வெல்டிங்தானே, சரி” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவள் முகவாய் ஏற்கெனவே இயந்திரத்தில் இருந்தது. மரத்துப்போக மருந்து விட்டு, கண்மேல் ஒரு கண்ணாடி வில்லையைப் பொருத்தினார்கள். பச்சைப் பச்சையாக வெளிச்சம் குத்தியது. சில இடங்களில் ஊசி போடுவதுபோல் சுருக்கென்றது. ஆடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஓடும் துணியை நினைத்துக்கொண்டு, அசையாமல் இருந்தாள்.

முடிந்ததும் வலது கண்ணில் இருட்டாக ஒரு திட்டு. அது மெல்ல மெல்ல வெளிறி, டாக்டரின் வெள்ளைக் கோட்டு தெரிந்தது. கோட்டின்மேல் கொசு மிதந்தது.

“டாக்டர், பூச்சி அப்படியே இருக்கே!”

“லேசர் கிழிசலுக்குத்தான். பூச்சி இருக்கும்மா. நாளாக நாளாக அது கீழே தங்கும், மூளையும் அதைக் கவனிக்கறதை விட்டுரும். ஜெல்லியையே எடுத்துர்ற ஆபரேஷன் இருக்கு, ஆனா அதுல வேற ஆபத்து இருக்கு. ரொம்பத் தாங்க முடியலைன்னா மட்டும்தான் அதைப் பத்தி யோசிப்போம். கனம் தூக்காதீங்க, சொன்ன தேதிக்கு வாங்க. நாளைக்கு வந்திருந்தீங்கன்னா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்.”

ஓய்வு முடிந்து ஆலைக்குப் போனபோது, தன் நாற்காலியில் வேறு யாராவது இருப்பார்கள் என்று தயாராகத்தான் போனாள். மேசையில் நீலத் துணி மாட்டியிருந்தது. “வெள்ளையைப் பக்கத்து மேசைக்கு மாத்திட்டேன்” என்றார் சூப்பர்வைசர், அவளைப் பார்க்காமல். நீலத்தில் கொசுவும் நூலும் அவ்வளவாகத் தெரியவில்லை. தெரியும்போது கண்ணை அசைத்துப் பார்ப்பாள்: துணியோடு கீழே போனால் ஸ்டிக்கர், கண்ணோடு ஓடினால் போகட்டும். அந்தப் பழக்கம் கைவர நாளாயிற்று. நடுநடுவே தப்பும் நடந்தது, குண்டூசி பிடித்துக் கொடுத்தாள்.

பயம் முழுதாகப் போய்விடவில்லை. இருட்டில் குனிய இன்றைக்கும் யோசிப்பாள். டாக்டர் சொன்னபடி தினமும் காலையில் ஜன்னலருகே நின்று ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி, எதிர்வீட்டுச் சுவர் ஓரம் வரை முழுசாகத் தெரிகிறதா என்று பார்க்கிறாள். பல் தேய்த்துக்கொண்டே வெளியே வரும் எதிர்வீட்டுக்காரர் இதை நாலைந்து நாள் பார்த்துவிட்டு அவள் கணவரிடம் தயங்கித் தயங்கி, “உங்க வீட்டம்மா என்னைப் பாத்து ஏதாவது ஜாடை...” என்று இழுத்தாராம்.

“அது சுவரைப் பாத்துங்க” என்று கணவர் சொல்லியிருக்கிறார். “கொஞ்சம் நகர்ந்து நின்னு பல்லு தேயுங்க, மறைக்குது.”