மங்களத்தின் காது ஆறவில்லை

போன செவ்வாய்க்கிழமை என் மருந்துக் கடைக்கு ஒரு பெண் வந்தாள். பத்தொன்பது வயது இருக்கலாம். கையில் தகரப் பெட்டி, தோளில் ஒரு துணிப்பை. கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றிருந்துவிட்டு, "சார், எனக்கு ஒரு சர்டிபிகேட் வேணும்" என்றாள்.

"நான் டாக்டர் இல்லம்மா. மருந்து விக்கிறவன். என்ன சர்டிபிகேட்?"

"காது ஆறிருச்சுன்னு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. (இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இது ஒன்றும் புதிய செய்தி இல்லை.) வியாபார நேரத்தில் விளையாட வந்திருக்கிறாளா? "காது ஆறுனதுக்கெல்லாம் யாரும்மா சர்டிபிகேட் குடுப்பா?" என்று கத்தினேன்.

அவள் அசரவில்லை. "ஆறலைன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப ஆறிருச்சுன்னும் நீங்கதானே சொல்லணும்?"

அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு காதைப் பார்த்தேன். சிவப்புக் கல் வைத்த சின்னத் தோடு. கையிலிருந்த பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டேன்.

"ஏ... நீ கருப்பையா மகளா? மங்களமா?"

சிரித்தாள்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன ஒரு பொய், வளர்ந்து ஆளாகி, டீச்சர் டிரெயினிங்கும் முடித்துவிட்டு என் கடை வாசலில் வந்து நின்றது.

கதையைச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள் — உத்தரகோசமங்கைக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

அப்போது நான் அந்த ஊர் போர்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். மீதி ஐந்து நாளும் நான்தான் டாக்டர் மாதிரி... மாதிரி என்ன, டாக்டரேதான். பொய் சொல்ல மாட்டேன் என்பதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம். "கம்பவுண்டர் சொன்னா சரியா இருக்கும்" என்று சுற்று வட்டாரத்தில் பேர் வாங்கியிருந்தேன்.

கருப்பையா அந்த ஊர்ச் சம்சாரி. கொஞ்சம் நிலம், ஒரு ஜோடி மாடு, நிறையக் கோபம். ஒரு நாள் களத்துமேட்டில், நாலு பேர் பார்க்க, மனைவி பாக்கியத்தைக் கைநீட்டி அடித்துவிட்டார். ஒரே ஓர் அறைதான் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். ஓர் அறை போதாதா? அந்தம்மா சிந்திய நெல்லைக்கூட அள்ளவில்லை. பிள்ளை மங்களத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வாலிநோக்கம் பக்கத்தில் உப்பளத்து வேலை பார்த்துவந்த அண்ணன் வேலு வீட்டுக்கு நடந்தே போய்விட்டார். சமாதானம் பேசப் போனவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். "அந்த ஆளு வீட்டு வாசல இனி மிதிக்க மாட்டேன்."

ஏழெட்டு மாதம் பேசிப் பார்த்துவிட்டு, ஊர்க்கூட்டம் போட்டுத் தீர்த்துவிட்டார்கள். அங்கே அதற்குக் கோர்ட்டும் கிடையாது, வாய்தாவும் கிடையாது. சபை நடுவில் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டால் புருஷன் பெண்சாதி உறவு முடிந்தது.

மிச்சம் இருந்தது மங்களம். நாலு வயது. அவளை எப்படிக் கிள்ளுவது?

"எம் பிள்ளை எனக்கு வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்!" என்று கருப்பையா சபையில் நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினார். அந்தப் பக்கத்து வழக்கமும் அதுதான். பால் மறந்த பிள்ளை தகப்பனுக்கு. ஊரே அவர் பக்கம் நின்றது. கொடுத்த தீர்ப்பை எந்தப் பக்கமும் மாற்றக் கூடாது, மாற்றுகிறவர் வீட்டோடு யாரும் பெண் கொடுத்து எடுக்கக் கூடாது என்று ஊருக்குப் பெரியவரான அம்பலக்காரர் சொல்லி முடித்தார். மங்களம் கத்தக் கத்த, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

கருப்பையா ஜெயித்துவிட்டார். அப்புறம்?

மூன்று மாதம் கழித்து அதே சபையில் வந்து நின்றார். பிள்ளைக்குக் காது குத்த வேண்டும், தாய்மாமன் ஊர்க் கோயிலில் குத்துவதாக நேர்ந்திருக்கிறேன் என்றார். யார் மறுக்க முடியும்? துரும்பைக் கிள்ளினால் மனைவி இல்லையென்று ஆகும். தாய்மாமன் இல்லையென்று ஆகுமா? மாமன் மடியில் உட்காராமல் எந்தப் பிள்ளைக்குக் காது குத்தியிருக்கிறார்கள்? போய்விட்டு வா என்றார்கள்.

போனார். வேலுவின் வாசலில் நின்று, "மச்சான், உன் மடி வேணும்" என்று கேட்டிருக்கிறார். காது குத்தியாயிற்று. மறுநாள் தனியாகத் திரும்பி வந்தார்.

"ஏலே, பிள்ளை எங்க?" என்று அம்பலக்காரர் கேட்டார்.

"குத்துன காதோட வண்டியில ஆட்டிக் கொண்டாரக் கூடாதுன்னாக. ஆறுனதும் கூட்டியாரேன்."

நியாயம்தானே?

ஒரு மாதம் ஆனது. "ஆறலை." இரண்டு மாதம். "லேசாச் சீழ் வைக்குது." ஐந்தாம் மாதமும் அதே பதில். ஊரில் முணுமுணுப்புக் கிளம்பியது. அம்பலக்காரர் என்னைச் சாவடிக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"கம்பவுண்டரே, நீங்க போயிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நீங்க சொன்னாச் சரி. ஏலே கருப்பையா, நீயும் கூடப் போ. ஆறியிருந்துச்சுன்னா கையோட பிள்ளையக் கூட்டியாந்துரணும். தெரியுதா?"

மறுநாள் காலையில் கிளம்பினோம். என் சைக்கிள், கேரியரில் கருப்பையா. அவருக்குச் சைக்கிள் விடத் தெரியாது, அதனால் வழி பூராவும் மிதித்தது நான்தான். மிதித்துக்கொண்டே திட்டினேன். "அஞ்சு மாசமாச் சீழ் வைக்கிற காதை ஆஸ்பத்திரிக்குக் காட்டாம இருக்கியே, என்னய்யா தகப்பன் நீ?"

வேலு வீட்டு வாசலில் மங்களம் கிளிஞ்சல்களை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். "அய்யா!" என்று ஓடிவந்து கருப்பையாவின் காலைக் கட்டிக்கொண்டாள். பாக்கியம் வெளியே வரவில்லை. கதவைப் பிடித்திருந்த கை மட்டும் தெரிந்தது.

பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி வலது காதைப் பார்த்தேன், இடது காதைப் பார்த்தேன். தோட்டைத் திருகிப் பார்த்தேன். "வலிக்குதா?" என்றேன். "இல்லையே" என்று சிரித்தாள்.

ஆறி நாலு மாதமாவது ஆகியிருக்கும். அத்தனை சுத்தமான காதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

எனக்கு வந்ததே கோபம்! கருப்பையாவின் கையைப் பிடித்து உப்பளத்து வரப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். "என்னய்யா இது? ஊரையே ஏமாத்துறியா? என்னையும் சேத்து?"

அவர் உப்புப் பாத்திகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"களையெடுப்புக்குப் பிள்ளையையும் கூட்டிட்டுப் போவேன் கம்பவுண்டரய்யா. வீட்டுல விட ஆளில்ல. பொம்பளைக வரிசையாக் குனிஞ்சு களையெடுப்பாகள்ல... இது ஒரு ஓரத்துல இருந்து ஆரம்பிக்கும். ஒவ்வொருத்தி முன்னாலயும் போயி, குனிஞ்சு குனிஞ்சு மூஞ்சியப் பாக்கும். பாத்துட்டு அடுத்த ஆளுகிட்டப் போகும். கடைசி ஆளு வரைக்கும் பாத்துட்டு, பேசாம வரப்புல வந்து உக்காந்துக்கிரும். அழுகாது. மறுநாளு மறுக்கா மொதல்ல இருந்து பாக்கும்."

வரப்பில் கிடந்த உப்புக்கல் ஒன்றைப் பொறுக்கிப் பாத்திக்குள் போட்டார்.

"எனக்கு வேணும், எனக்கு வேணும்னு சபையில கத்துனேன். அதுக்கு யாரு வேணும்னு நான் கேக்கவே இல்லையேய்யா."

"இதை அம்பலக்காரர்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லலாம். தீர்ப்ப மீறுனவன்னு என்னைய ஒதுக்கி வப்பாக. நான் ஒத்தை ஆளு, கிடந்துக்கிருவேன். நாளைக்கு எம் மகளுக்கு மாப்பிள்ளைன்னு எவன் வருவான்? அது தலையிலல்ல விடியும்? அதான்... தீர்ப்பு தீர்ப்பாவே இருக்கட்டும். காது மட்டும் ஆறாம இருக்கட்டும்னு நெனச்சேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்களப் பொய் சொல்லச் சொல்ல மாட்டேன். ஆறிருச்சுன்னா ஆறிருச்சுன்னே சொல்லுங்க. கூட்டிக்கிட்டு வாரேன்."

திரும்பி வந்தோம். வாசலில் ஒரு சின்னத் துணி மூட்டை இருந்தது. மங்களத்தின் பாவாடை சட்டைகள். நான் காதைப் பார்த்த விதத்திலேயே பாக்கியத்துக்குத் தெரிந்துபோயிருக்கிறது. மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார். முதுகு குலுங்கியது. மூட்டையைப் பார்த்த மங்களத்தின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

பொய்யே சொல்லாத கம்பவுண்டர் என்ன செய்தான் தெரியுமா?

"அந்த மூட்டையை உள்ளே எடுத்து வையும்மா. இந்தக் காதோட பிள்ளை எங்கேயும் போகக் கூடாது" என்றேன்.

கருப்பையா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அது தாங்கவில்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சாக்கில் தெருவுக்குப் போய்விட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் சாவடியில் சொன்னேன். "ஆறலைங்க."

அம்பலக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எம்புட்டு நாளாகும்?"

"சொல்ல முடியாது. சில காது ஆறுறதுக்கு வருஷக்கணக்காகூட ஆகும்."

அம்பலக்காரர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "கம்பவுண்டரு சொன்னாச் சரிதான். ஆறட்டும்."

இரண்டு நாள் கழித்து அவரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஒரு சொம்புத் தேன். "ஆறாத காதுக்கு இதத் தடவலாமா?"

"தடவலாம். தின்னாலும் நல்லதுதான்."

"அப்பக் குடுத்துவிடுங்க. தின்னட்டும்" என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல் போய்விட்டார்.

அப்புறம் மாதம் தவறாமல் கருப்பையா காதுக்கு மருந்து போடப் போனார். மருந்து பாட்டிலில் நான் ஊற்றிக் கொடுத்தது அசல் தேங்காய் எண்ணெய். 'வெளி உபயோகத்துக்கு மட்டும்' என்று லேபிள்கூட ஒட்டிக் கொடுப்பேன். அதை மகள் தலையில் வைத்துத் தேய்த்து, சடை பின்னிவிட்டு, சாயங்காலம் திரும்பிவிடுவார். கடலை பிடுங்குகிற காலத்தில் ஊர்ப் பெண்கள், "காது ஆறாத பிள்ளைக்கு" என்று ஒரு பை கடலை கொடுத்தனுப்புவார்கள். விவரம் தெரியாத வெளியூர்க்காரர் யாராவது, "கருப்பையா மகள் எங்கே?" என்று கேட்டால், டீக்கடையில் நாலு பேர் ஒரே குரலில், "காது ஆறலைங்க" என்பார்கள். ஒரு முகத்திலாவது சிரிப்பு இருக்க வேண்டுமே!

எனக்கு இன்றுவரை பிரமிப்பு அடங்கவில்லை. சபையில் கத்தி ஜெயிக்க யாராலும் முடியும். நானே ஜெயித்திருக்கிறேன். ஜெயித்த வழக்கை, தாய்க்குத் தலைகுனிவு இல்லாமல், ஊருக்கும் மானக்கேடு இல்லாமல், சத்தமே போடாமல் தோற்பதற்கு எப்பேர்ப்பட்ட மனசு வேண்டும்? அந்த மனசு, களத்துமேட்டில் கைநீட்டிய அதே ஆளுக்குள்தான் இருந்தது. எங்கே வைத்திருந்தார் அதை? பாக்கியம் கடைசிவரை அவரை மன்னிக்கவில்லை, சேர்ந்து வாழ வரவுமில்லை. அதில் அந்தம்மாவை நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன்.

நாலைந்து வருஷத்தில் எனக்கு மாற்றல் வந்தது. பிறகு வேலையை விட்டுவிட்டு ராமநாதபுரத்தில் இந்தக் கடையைப் போட்டேன். தொடர்பு விட்டுப்போயிற்று.

இப்போது மங்களம் தகரப் பெட்டியோடு என் முன்னால் நிற்கிறாள்.

"அய்யா ஊரு யூனியன் ஸ்கூல்லதான் சார் எனக்கு வேலை. கேட்டு வாங்குனேன். அய்யாகிட்ட இன்னும் சொல்லல. காது ஆறுனாத்தானே நான் அங்கன போக முடியும்? தீர்ப்பு அப்படித்தானே சார்?"

கடையின் பில் தாளைக் கிழித்து எழுதினேன். 'மங்களத்தின் இரண்டு காதுகளையும் இன்று பரிசோதித்தேன். பூரணமாக ஆறிவிட்டன.' கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்தினேன். அதோடு விட்டேனா? கடையைப் பூட்டிவிட்டு நானும் அவளோடு பஸ் ஏறிவிட்டேன். அன்றைக்கு மருந்து கிடைக்காமல் திரும்பியவர்கள் மன்னிக்கவும்.

கருப்பையா வயலில் இருந்தார். களையெடுப்பு நடந்துகொண்டிருந்தது. மங்களம் வரப்பில் நடந்துபோனாள். குனிந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

அவள் தாளை அப்பாவிடம் நீட்டினாள். அவருக்குப் படிக்கத் தெரியாது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன போட்டிருக்கு கம்பவுண்டரய்யா?"

"ஆறிருச்சுன்னு போட்டிருக்கு."

கைச் சேற்றைத் துண்டில் துடைத்துக்கொண்டார். மகளின் காதை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். நான் என்னவெல்லாமோ எதிர்பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி இது.

"ஆத்தாகிட்டக் கேட்டுட்டுத்தானே வந்த?"

"ஆத்தாதான்யா பெட்டி கட்டிக் குடுத்துச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கன போயிருவேன். திங்கக்கிழமை காலையில இங்கன வந்துருவேன்."

அவர் அந்தத் தாளை நாலாக மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். அப்புறம் வரப்பில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். நானும்தான் அழுதேன், அதிலென்ன வெட்கம்?

பிள்ளை எனக்கா உனக்கா என்று கோர்ட்டுப் படி ஏறிக்கொண்டிருக்கும் தகப்பன்மாரே... ஆறாத காதுக்கு சர்டிபிகேட் வேண்டுமென்றால் தயங்காமல் வாருங்கள், என் கடை சாயங்காலம் ஏழு மணிவரை திறந்திருக்கும்!