எடை பார்க்கும் வேலை

மூன்றாவது முறை விண்ணப்பித்த பிறகுதான் சுகந்தினிக்கு மருத்துவ உதவியாளர் டிப்ளோமாவில் இடம் கிடைத்தது. கடிதம் மே மாதம் வந்தது, வகுப்பு ஆகஸ்ட்டில். மூன்று ஆண்டுகள் பொறுத்திருந்தவளுக்கு இந்த மூன்று மாதம்தான் நகர மாட்டேன் என்றது. அதற்குள் எங்காவது நோயாளிகளின் பக்கத்தில் நின்று பார்த்துவிட வேண்டும் என்று தவித்தாள். இத்தனை நாள் ஆசைப்பட்டது அந்த வேலைக்கா, தான் மனத்தில் வரைந்து வைத்திருந்த படத்துக்கா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

தன் ஊரான காஹாங்கிலிருந்து பஸ் பிடித்துப் போய், குளுவாங் டவுனில் மூன்று கிளினிக்குகளில் ஏறி இறங்கினாள். மூன்றிலும் ஒரே கேள்வி.

“எத்தன மாசம் இருப்ப?”

“மூணு மாசம், டாக்டர்.”

“மருந்து பேரு தெரிஞ்சிக்கவே மூணு மாசம் ஆயிடும்லா.”

நான்காவதாகப் போன இடம் ஒரு கடைவரிசையின் கோடியிலிருந்த டயாலிசிஸ் நிலையம். அதன் நிர்வாகி சத்தியபாமா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“இங்க நோயாளிங்க வாரத்துக்கு மூணு நாள் வர்றாங்க. பாத்துக்கிற முகம் மாறினா அவங்களுக்குப் பிடிக்காது. ஒரு வருஷமாச்சும் இருக்கணும். இருப்பியா?”

“இருப்பேன்” என்றாள் சுகந்தினி.

நாற்காலிகளைத் துடைப்பது, போர்வை மாற்றுவது, நோயாளிகளின் எடையைப் பார்த்து எழுதுவது. வேலை இவ்வளவுதான். சிறுநீர் இறங்காத உடம்பில் குடித்த தண்ணீரெல்லாம் எடையாக நிற்கும். கூடியிருக்கும் எடையைப் பார்த்துத்தான் இயந்திரம் எவ்வளவு நீரை எடுக்க வேண்டும் என்று முடிவு செய்வார்கள். ஊசி குத்துவதும் இயந்திரத்தைப் பார்ப்பதும் மருத்துவ உதவியாளர் சிவகணேசனின் பாடு. அவர் கை போகிற பக்கமெல்லாம் அவள் கண் போகும்.

நான்காம் நாற்காலி புஷ்பவள்ளியுடையது. பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் முப்பது வருடம் சமைத்தவர்.

“எடை ஏறியிருக்கே, நேத்து என்ன குடிச்சீங்க ஆன்ட்டி?”

“கனவுல ஒரு ஜக்கு ஐஸ் தண்ணி. அதையும் எழுதிக்கிறியா?”

நாலாவது வாரம் ஒரு மழைக்காலை. சீருடை அளவு கேட்டுக் கல்லூரியிலிருந்து செய்தி வந்திருந்தது. வெள்ளைச் சட்டையில் தான் எப்படியிருப்போம் என்ற நினைப்பிலேயே, தராசு காட்டிய எண்ணை எழுதிக்கொண்டாள். நனைந்த ஜாக்கெட்டோடு, அதன் பைகளில் பர்சும் கைப்பேசியும் சாவிக்கொத்துமாக, புஷ்பவள்ளி தராசின்மேல் நின்றிருந்ததை அவள் பார்க்கவில்லை. ஒரு கிலோவுக்கு மேல் கூடுதல்; அதையும் நீரென்று கணக்கிட்டு இயந்திரம் எடுக்கத் தொடங்கியது.

மூன்றாவது மணி நேரத்தில் புஷ்பவள்ளியின் கால்கள் முறுக்கிக்கொண்டன. முகம் வெளிறியது. சிவகணேசன் ஓடிவந்து நாற்காலியைப் பின்னால் சாய்த்து, உப்புநீர் ஏற்றினார். இரத்த அழுத்தம் மெல்ல ஏறியதும் கொக்கியில் தொங்கிய ஜாக்கெட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

“எடை யாரு பாத்தது?”

“இந்தப் புள்ள கழட்டத்தான் சொல்லுச்சு” என்றார் புஷ்பவள்ளி, கண்ணைத் திறக்காமலே. “குளுருதுன்னு நாந்தான் கழட்டல.”

சுகந்தினி பேசாமல் நின்றிருந்தாலே போதும். விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

“இல்லண்ணா. நான் சொல்லவே இல்ல. கவனிக்கல.”

“என்ன நெனப்புல இருந்த?”

நடந்ததை எழுதிவைக்கத்தான் அவர் கேட்டார். அவளோ சீருடையையும் ஆகஸ்ட்டையும் சேர்த்தே சொல்லிவிட்டாள்.

அவர் எழுதியதைப் படித்த சத்தியபாமா குரலை உயர்த்தவில்லை. “இன்னிக்கோட போதும்மா. ஜாக்கெட்டுக்காக இல்ல, தப்பு யாரு வேணா பண்ணுவாங்க. ஒரு வருஷம்னு என் முகத்தப் பாத்துச் சொன்னேல்ல, அதுக்கு.”

வெளியே, கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் அஞ்சடி நடைபாதையில், புஷ்பவள்ளி ஊசி எடுத்த கையின் கட்டுத்துணியை அழுத்திப் பிடித்தபடி வேனுக்காக உட்கார்ந்திருந்தார்.

“ஒனக்காகப் பொய் சொன்னேன். அதையும் கெடுத்துட்ட.”

“மன்னிச்சிருங்க ஆன்ட்டி. வலிச்சிச்சா?”

“செத்துப் பொழச்சேன். என்னா படிப்பு அது, டிரஸ்ஸர் படிப்பா? ஆம்பளைங்கதான அதுக்குப் போவாங்க?”

“இப்ப அதுக்கு மருத்துவ உதவியாளர்னு பேரு ஆன்ட்டி. பொம்பளைங்களும் போறாங்க.”

“எத்தன வருஷம்?”

“மூணு.”

வேன் வருகிறதா என்று புஷ்பவள்ளி தெருவை எட்டிப் பார்த்தார். “முடிச்சிட்டு இங்க வருவியா?”

வரத்தான் வேண்டும் என்று அவளுக்கு ஆசை. இந்த நாலாம் நாற்காலிக்குத்தான், இந்தக் கட்டுப்போட்ட கைக்குத்தான். ஆனால் எங்கே வேலை போடுவார்கள் என்பது அவள் கையில் இல்லை. மூன்று வருடம் உயிரோடிருப்பது புஷ்பவள்ளியின் கையிலும் இல்லை.

“தெரியல ஆன்ட்டி.”

“ம். அதுவும் சரிதான்.”

வேன் வந்தது. முழங்கையைத் தாங்கி அவரை ஏற்றிவிட்டு, மெதுவாகப் போகும்படி டிரைவரிடம் சொன்னாள். வேன் முனை திரும்பும்வரை நனைந்துகொண்டு நின்றாள். காஹாங் பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. உள்ளே அடுத்த வேளை நோயாளிகள் வரத் தொடங்கியிருந்தார்கள். தராசில் ஏறுமுன் ஒவ்வொருவராக ஜாக்கெட்டைக் கழற்றுவது கண்ணாடி வழியே தெரிந்தது.