புரியாத மாதிரி

மகனுக்கு அப்போது இரண்டரை வயது. அவனிடம் இருந்தது ஒரே சொல்: "தா." சாப்பிட்ட பிறகு வந்தால் தண்ணீர். வாசலில் பைக் சத்தம் கேட்டதும் வந்தால் அப்பா. கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தால் தொட்டில். எனக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

தென்காசியில் வீட்டிலிருந்தபடியே, ரஸ்ட் என்ற கணினி மொழிக்கான ஒரு நிரல் நூலகத்தை எழுதிக்கொண்டிருந்தேன். தரவுகளை பைட்டுகளாகச் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் பழையபடி விரித்துத் தருவது அது. வேகத்துக்காகப் பெயர்களை எழுதாது. வயது, ஊர், எடை என்ற தலைப்புகளை விட்டுவிட்டு மதிப்புகளை மட்டும் வரிசையாக அடுக்கும். எது எந்த இடத்தில் வரும் என்பது இரு முனைக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவருக்கு வெறும் எண்கள்தான். அந்தச் சிக்கனம் எனக்குப் பிடித்திருந்தது. மகனும் அப்படித்தான் என்று பெருமையாகக்கூட நினைத்தேன்.

மாமியாருக்கு அவன் பேச்சு பிடிபடாது. "ஏட்டி, இங்கன வா. இவன் ‘தா’ங்கான், நான் என்னத்தத் தர?" என்று கூப்பிடுவார். நான் போய்ச் சொன்னால், "உன் கம்ப்யூட்டர் பாஷையும் பிள்ள பாஷையும் உனக்கு மட்டுந்தான் வெளங்குது. நாளைக்குப் பள்ளிக்கூடத்துலயும் பக்கத்துல போயி உக்காருவியோ?" என்பார்.

அந்தக் கேள்வி பயமுறுத்தியது. பேச்சுப் பயிற்சி தரும் ஒரு அம்மாவிடம் அவனைக் கூட்டிப்போனேன். அவர் அவனோடு விளையாடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காது நல்லா கேக்குது. நீங்க எல்லாத்தையும் புரிஞ்சுக்கிடுதீங்க, அவனுக்குப் பேச அவசியமே வரலை. கொஞ்ச நாள் புரியாத மாதிரி இருங்க."

சொன்னபடி செய்வது எனக்குப் பழக்கம். ஆனாலும் வழியெல்லாம் யோசனை. இத்தனை நாள் நான்தான் அவன் பேச்சைத் தடுத்து வைத்திருந்தேனா? இல்லை, அவனைப் புரிந்த ஒரே ஆளையும் இப்போது அவனிடமிருந்து பிடுங்குகிறேனா?

அன்று சாயங்காலம் சாரல் விழுந்தது. ஜன்னலில் நின்றவன் மலைப்பக்கம் கைநீட்டி, "தா" என்றான். போன ஞாயிற்றுக்கிழமைதான் அந்த மலையில் ஐந்தருவியைப் பார்த்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்திச் சிரித்திருந்தான். அங்கே போகவேண்டும் என்கிறான்.

"என்ன வேணும்? அம்மாக்குப் புரியலையே."

சிரித்தான். விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பான். "தா." மறுபடியும் அதையே கேட்டேன். என் தாடையைப் பிடித்து முகத்தை மலைப்பக்கம் திருப்பினான். ஒன்றும் தெரியாதவளாக மலையைப் பார்த்தேன். ‘அருவி’ என்று மெல்ல எடுத்துக்கொடுக்கலாமா, அதுவும் கூடாதா? பயிற்சி தரும் அம்மாவிடமே கேட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

கையை எடுத்துக்கொண்டான். அழவில்லை.

மறுநாளும் சாரல். அவன் ஜன்னலில் நின்றான். கூப்பிடட்டும் என்று லேப்டாப்பைத் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.